பழைய விமான மாடல் காக்பிட்டுக்கு என்ன கலர் அடிக்கணும்? டப்பா பேரை நம்பாம முடிவு பண்றது எப்படி

முதல்ல நான் ஏமாந்த கதைலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஸ்பிட்ஃபயர்னு ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் விமானம், அதோட மாடல் கிட் ஒண்ணு, 1/48 ஸ்கேல், அதாவது நிஜத்துல 48ல ஒரு பங்கு. உள்ள இன்டீரியர் கிரீன் அடிங்கன்னு யாரோ சொன்னாங்க, நானும் இன்டீரியர் கிரீன்னு பேர் போட்ட டப்பா ஒண்ணு வாங்கி அடிச்சு, வாஷ் (மூலைல நிழல் மாதிரி தங்குற தண்ணியான இருட்டு பெயிண்ட்) எல்லாம் போட்டு, ஒட்டியும் முடிச்சாச்சு. அப்புறம்தான் தெரியுது அந்த டப்பா அமெரிக்க விமானத்துக்கான இன்டீரியர் கிரீன், அதுல மஞ்சள் தூக்கலா இருக்கும். பிரிட்டிஷ்காரங்க விமானத்துக்குள்ள அடிச்சது சாம்பல் கலந்த பச்சை, கொஞ்சம் வெளுத்துப் போன மாதிரி இருக்கும். பேச்சுல ரெண்டையும் இன்டீரியர் கிரீன்னுதான் சொல்றாங்க, ஆனா பக்கத்துல பக்கத்துல அடிச்சுப் பாத்தா ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

அதுலேர்ந்து எனக்கு ஒரே ஒரு பழக்கம் வந்துச்சு. எந்தப் பகுதிக்கு பெயிண்ட் எடுக்கும் முன்னாடியும், நிஜ விமானத்துல இந்த இடத்துல எதுக்காக பெயிண்ட் அடிச்சாங்கன்னு கேட்டுக்குவேன். அழகுக்கு யாரும் அடிக்கல. அலுமினியம் அரிக்காம இருக்க அடிச்சாங்க, வெயில் பட்டு பைலட் கண்ணு கூசாம இருக்க அடிச்சாங்க, அவசரத்துல கை சரியான லீவர்ல போய் விழணும்னு அடிச்சாங்க. இந்த மூணு காரணத்தையும் மனசுல வெச்சுக்கிட்டா பாதி குழப்பம் அங்கயே தீந்துடும், எந்த இடத்துல பெயிண்டே இருக்காதுங்கிறது கூட தெரிஞ்சுடும்.

முதல் வேலை: யார் செஞ்சது, எப்போ செஞ்சது

விமானத்தோட பேர் மட்டும் பத்தாது. எந்த வேரியன்ட் (அதே விமானத்தோட எந்த வகை), எந்த வருஷம், எந்த ஃபேக்டரி, இந்த மூணும் வேணும். ஜப்பானோட ஸீரோ போர் விமானம் நல்ல உதாரணம். அதை மிட்சுபிஷியும் செஞ்சாங்க, நாகாஜிமாவும் செஞ்சாங்க, ரெண்டு பேரும் காக்பிட்டுக்கு அடிச்ச பச்சை ஒண்ணு இல்ல. அதனாலதான் மிஸ்டர் கலர்ங்கிற மாடல் பெயிண்ட் பிராண்டுல 126, 127ன்னு ரெண்டு டப்பா இருக்கு, ரெண்டுக்கும் பேரு காக்பிட் கலர்தான், ஒண்ணு மிட்சுபிஷிக்கு, இன்னொண்ணு நாகாஜிமாவுக்கு. உங்க கிட் எந்த ஃபேக்டரி விமானம்னு பாக்காம இதுல ஒண்ணை எடுத்தா அது பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரிதான்.

கிட்டோட வர்ற பேப்பரை முழுசா நம்ப வேண்டாம், முழுசா தள்ளவும் வேண்டாம். கிட் கம்பெனிக்காரங்க தங்களோட பெயிண்ட் வரிசையில எது கிட்டத்தட்ட வருதோ அதைத்தான் போடுவாங்க. பழைய கிட்டுன்னா இன்னும் மோசம், எல்லாத்துக்கும் ஒரே பச்சைன்னு போட்டு முடிச்சிருப்பாங்க.

அடுத்தது போட்டோ. கறுப்பு வெள்ளை போட்டோவுலேர்ந்து கலர் கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா எது வெளிச்சமா இருக்கு எது இருட்டா இருக்குன்னு ஓரளவு தெரியும். அதுலயும் ஒரு குழி இருக்கு. ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு சிவப்பு தெரியாது, அதனால சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பா விழும், மஞ்சளும் நாம நெனைக்கிறதை விட இருட்டா விழும், நீலம் வெளுத்துப் போய் வரும். ஆக போட்டோல கறுப்பா தெரியுற கைப்பிடி நிஜத்துல சிவப்பா கூட இருந்திருக்கலாம்.

மியூசியத்துல, ஏர் ஷோல எடுத்த கலர் போட்டோதான் பல பேரைக் கவுக்குது. பறக்குற நிலைல இருக்குற பழைய விமானம் எல்லாமே பல தடவை பிரிச்சு மறுபடி பெயிண்ட் அடிச்சது. அடிச்சவர் இன்னைக்கு கெடைக்குற பெயிண்ட்டை, இன்னைக்கு இருக்குற பாதுகாப்பு விதிப்படி அடிச்சிருப்பார். ஸ்பிட்ஃபயர் கதவுல ஒரு கடப்பாரை மாட்டியிருக்கும், அவசரத்துல கேனப்பியை, அதாவது பைலட் தலைக்கு மேல மூடுற கண்ணாடிக் கூண்டை, உடைக்க. புதுப்பிச்ச விமானத்துல அது பளிச்சுன்னு சிவப்பு. போர்க்காலத்துல அப்படி சிவப்பு அடிக்கிறது வழக்கமா இல்ல. ஆனா மாடல் செய்யுற எல்லாரும் சிவப்புதான் அடிக்கிறோம், ஏன்னா அழகா இருக்கு, நானும் ஒரு தடவை தெரிஞ்சே அடிச்சிருக்கேன், அதை மறைக்கல.

நல்ல ஆதாரம் எதுன்னா, விழுந்த இடத்துலயே கெடந்து யாரும் கை வெக்காத விமானம். 1942 ஜூன்ல எகிப்து பாலைவனத்துல இறங்கின ஒரு கிட்டிஹாக், அதாவது பி-40, 2012ல கண்டெடுத்தாங்க. அந்த மாதிரி போட்டோல வெயில்ல வெளுத்திருந்தாலும், நிழல்ல மறைஞ்ச மூலைல, பெட்டிக்கு அடில, பெல்ட்டுக்கு பின்னாடி பழைய கலர் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. போட்டோ பாக்கும்போது நடுவுல பாக்காதீங்க, மூலைல பாருங்க.

நம்பர்களை எப்படி படிக்கணும்

எஃப்எஸ் 34151 மாதிரி நம்பர் பாத்திருப்பீங்க. அமெரிக்க அரசு போட்ட கலர் கார்டு அது, எஃப்எஸ் 595ன்னு பேர். முதல் எண் பளபளப்பு: 1ன்னா கிளாஸ், 2ன்னா பாதி கிளாஸ், 3ன்னா மேட். ரெண்டாவது எண் கலர் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல் இப்படி. கடைசி மூணு எண்ணு சின்னதா இருந்தா இருட்டு, பெருசானா வெளிச்சம், தோராயமா அவ்வளவுதான். ஆக 34151ன்னா மேட்டான ஒரு இருட்டுப் பச்சை, டப்பாவைத் திறக்காமலே தெரிஞ்சுடும்.

இதுல ஒரு சமாச்சாரம், எஃப்எஸ் 595 வந்ததே 1956ல. ரெண்டாம் உலகப்போர் விமானத்தை யாரும் அந்த நம்பர் பாத்து அடிக்கல. அப்போ அமெரிக்காவுல ஏஎன்ஏன்னு வேற வரிசை இருந்துச்சு, இன்டீரியர் கிரீன் அதுல 611. பின்னாடி வந்தவங்க அதுக்கு கிட்ட வர்ற எஃப்எஸ் நம்பரைப் பொருத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதே மாதிரி பிரிட்டிஷ் சாம்பல் பச்சைக்கு பிஎஸ் (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்) 283ன்னு சொல்றதும் ஒரு நெருக்கமான பொருத்தம்தான். அதனால நம்பர் அரை ஷேடு தள்ளிப் போச்சுன்னு ராத்திரி தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. ஃபேக்டரிலயே ஒரு பேட்ச் மாதிரி அடுத்த பேட்ச் வரல.

நாடு நாடா பாத்துடலாம்

அமெரிக்காதான் இருக்குறதுலயே குழப்பமானது, அதனால இங்க கொஞ்ச நேரம் நிக்கிறேன். எல்லாத்துக்கும் அடிப்படை ஜிங்க் குரோமேட். அது கலர் இல்ல, அரிப்பைத் தடுக்குற பிரைமர், அதாவது கலருக்கு அடில போற முதல் பூச்சு. அதோட சொந்த நிறம் பச்சை தட்டுற மஞ்சள். வெறுமனே அடிச்சா அதுதான் மஞ்சள் ஜிங்க் குரோமேட், அதுல கறுப்பு சேத்தா பச்சையா மாறும், இன்னும் கொஞ்சம் இருட்டாக்கினா இன்டீரியர் கிரீன் பக்கம் வரும். அதனால மாடல்லயும் அதே வழில போகலாம்: மஞ்சள் பச்சை ஒண்ணை எடுத்து, டாமியா பிராண்டு பெயிண்ட்ல எக்ஸ்எஃப்-4 இருக்கு, அதுல கறுப்பை சொட்டு சொட்டா விட்டுக் கலக்குங்க. சொட்டு சொட்டான்னு சும்மா சொல்லல, கறுப்பு ஒரு சொட்டு கூடினா மொத்தமும் பாசி மாதிரி ஆயிடும். கலக்க பொறுமை இல்லன்னா மிஸ்டர் கலர் 351 நேரா 34151க்கு வரும்.

ஆனா எல்லா அமெரிக்க விமானத்துலயும் இன்டீரியர் கிரீன்தான்னு நெனைக்காதீங்க. போயிங் பி-17 காக்பிட்ல அடிச்சது வேற ஒரு இருட்டான, மங்கலான பச்சை. அதே பி-17ல பின்னாடி கன்னர்கள் நிக்கிற உடம்புப் பகுதில பெரும்பாலும் பெயிண்டே கெடையாது, வெறும் அலுமினியம். எத்தனை பி-17 மாடல் மூக்கு முதல் வால் வரைக்கும் பச்சையா பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. கர்டிஸ் பி-40ல அந்தக் கம்பெனியோட சொந்த மஞ்சள் பச்சை. மஸ்டாங் பி-51டி எடுத்தா பக்கச் சுவர் இன்டீரியர் கிரீன், டயல் இருக்குற பேனல் கறுப்பு, தரை மட்டும் மரப்பலகை, மேல வழுக்காம இருக்க கறுப்பு பூச்சு. இந்தத் தரை விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ சிப்பிங் (பெயிண்ட் தேய்ஞ்சு உரிஞ்ச மாதிரி காட்டுறது) பத்தி பேசும்போது மறுபடி வரும். கோர்ஸேர்ங்கிற அமெரிக்க விமானத்தோட உடம்புக்குள்ள சாமன் (இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த) கலர்ல ஒரு பிரைமர் பல பேர் பாத்திருப்பீங்க, அது ஜிங்க் குரோமேட்ல சிவப்பு அயர்ன் ஆக்ஸைடு கலந்தது.

பிரிட்டன் ரொம்ப சுலபம். சாம்பல் பச்சை. ஹம்ப்ரோல் பிராண்டுல 78, இல்லன்னா மிஸ்டர் கலர் 364. ஸ்பிட்ஃபயர்ல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பச்சை பைலட் உக்கார்ற பகுதியோட நிக்கும், சீட்டுக்கு பின்னாடி இருக்குற ஃப்ரேமைத் தாண்டி வெள்ளி மாதிரி அலுமினியம் பெயிண்ட். ரெண்டு, பல ஸ்பிட்ஃபயர்ல சீட்டு உலோகம் இல்ல, பிசின் ஊறின பொருள்ல அழுத்தி செஞ்சது, நிறம் செங்கல் கலந்த பழுப்பு. அந்த ஒரு சீட்டை சரியா அடிச்சா போதும், மொத்த காக்பிட்டும் உயிர் வந்த மாதிரி ஆயிடும், ஏன்னா பச்சைக்கு நடுவுல செம்பழுப்பு அப்படி எடுத்துக் காட்டும்.

ஜெர்மனி ரெண்டு காலம். போருக்கு முன்னாடியும் தொடக்கத்துலயும் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தோட கலர் வரிசை) 02, அது பச்சை தட்டுற சாம்பல், டாமியால எக்ஸ்எஃப்-22, மிஸ்டர் கலர்ல 60. அப்புறம் ஆர்எல்எம் 66, கறுப்புக்கு கொஞ்சம் மேல நிக்கிற சாம்பல், மிஸ்டர் கலர் 116. ஏன் மாத்தினாங்கன்னு யோசிச்சா மூணு காரணத்துல ரெண்டாவது வந்து நிக்கும், கண்ணாடி கூண்டுக்குள்ள வெளிர் நிறம் வெயில்ல கூசும். மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ எடுத்தா ஈ மாடல்தான் மாறுற காலம், அதுல முந்தினதா பிந்தினதான்னு பாத்து முடிவு பண்ணுங்க, ஜி மாடல்னா யோசிக்காம 66. டாமியா எக்ஸ்எஃப்-63ஐ 66க்கு பதிலா நிறைய பேர் போடுவாங்க, கொஞ்சம் நீலம் தட்டும், ஒரு சொட்டு பழுப்பு விட்டா அடங்கிடும். ஜெர்மன் காக்பிட்ல கலர் குறியீடு ஒண்ணு உண்டு: பெட்ரோல் சம்பந்தப்பட்டது மஞ்சள், ஆயில் பழுப்பு, ஆக்சிஜன் நீலம். 109ஜில வலது பக்கச் சுவர்ல போற பெட்ரோல் குழாய் மஞ்சள், நடுவுல ஓட்டம் தெரியுற கண்ணாடித் துண்டு இருக்கும். இருட்டு சாம்பலுக்குள்ள அந்த ஒரு மஞ்சள் கோடு, 1/72ல கூட தெரியும்.

ஜப்பான்ல காக்பிட் பச்சை பத்தி மேலேயே சொல்லியாச்சு. அவங்களுக்கே உரிய இன்னொண்ணு ஆவோடாகே, அலுமினியம் மேல அடிக்கிற நீலப்பச்சை வார்னிஷ், உலோகம் ஊடுருவித் தெரியும். அதை ஒரே கலர் டப்பால எதிர்பாக்காதீங்க. முதல்ல அலுமினியம் அடிச்சு, மேல கிளியர் புளூ, கிளியர் கிரீன் ரெண்டையும் கலந்து மெல்லிசா அடிச்சாதான் அந்த வண்டு முதுகு மினுமினுப்பு வரும். ஆனா இது பெரும்பாலும் உடம்புக்குள்ள, சக்கரக் குழிக்குள்ள, காக்பிட்ல பைலட் கண்ணு முன்னாடி இல்ல.

மத்தவங்களை வேகமா முடிச்சுடறேன். இத்தாலி வெளிர் பச்சை, அரிப்புத் தடுப்பு பச்சைன்னே அதுக்குப் பேர். பிரான்ஸ் இரவு நீலம், இருட்டு நீலச் சாம்பல். சோவியத் போர்க்கால விமானத்துல சாம்பல் வகைகள், பிற்காலத்துல மிக்-21 மாதிரி ஜெட்ல அந்தப் பேர் போன நீலப்பச்சை. மிக்-15க்கு அந்த நீலப்பச்சையை அடிக்காதீங்க, அது சாம்பல் காலம்.

முதல் உலகப்போர் விமானம் வேற உலகம். அங்க பெயிண்ட்டை விட பொருள்தான் கலர்: வார்னிஷ் போட்ட மரம், டோப் (துணியை இறுக்குற வார்னிஷ்) போட்ட லினன் துணி, பிரம்பு சீட்டு, தோல், பித்தளை, செம்பு. சாப்வித் கேமல் உள்ள பாத்தா மரச்சட்டமும் இழுத்துக் கட்டின கம்பியும் துணியோட உள்பக்கமும்தான். அல்பாட்ரோஸ் முழுக்க பிளைவுட் உடம்பு. மரத்துக்கு நான் பண்றது: எக்ஸ்எஃப்-57 பஃப் மாதிரி வெளிர் நிறம் அடிச்சு நல்லா காய விட்டு, ஆயில் பெயிண்ட் பர்ன்ட் அம்பர் துளி எடுத்து, பாதி உதிர்ந்து போன பழைய பிரஷ்ஷால ஒரே திசைல இழுக்கணும், இழுத்த கோடுதான் மரத்தோட ரேகை. ரெண்டு நாள் காயட்டும். மேல எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு மெல்லிசா. கோடு அடர்த்தியா விழுந்தா மரம் மாதிரி இருக்காது, புலி மாதிரி இருக்கும்.

ஸ்கேலுக்கு தகுந்த மாதிரி வெளுக்கணும்

சரியான கலர் கெடைச்சாச்சு, அப்படியே அடிக்கலாமான்னா கூடாது. ஒரு பெரிய பொருளை தூரத்துலேர்ந்து பாக்கும்போது நடுவுல இருக்குற காத்து நிறத்தை வெளுக்க வெக்கும். 1/72 மாடலை ஒரு அடி தூரத்துலேர்ந்து பாக்குறது, நிஜ விமானத்தை 72 அடி தள்ளி நின்னு பாக்குறதுக்கு சமம். அதனால மாடல்காரங்க வழக்கமா 1/72க்கு சுமார் 15 சதவீதம், 1/48க்கு 10, 1/32க்கு 7 சதவீதம் வெள்ளை கலப்பாங்க. இது வெளிப்பக்க கலருக்கு வந்த கணக்கு, காக்பிட்டுக்கு நான் அதைவிட ஒரு படி தாராளமா போவேன். ஏன்னா காக்பிட் ஒரு குழி. மேல சின்ன வாய், உள்ள நிழல், அதுக்கு மேல பிளாஸ்டிக் கேனப்பி வேற. வெளிய சரியா தெரிஞ்ச ஆர்எல்எம் 66 உள்ள போனதும் வெறும் கறுப்பு ஓட்டையா நிக்கும், நீங்க ராத்திரி பூரா உக்காந்து செஞ்ச லீவர் ஒண்ணு கூட தெரியாது.

இன்னொரு விஷயம், பச்சைல வெறும் வெள்ளை கலந்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். இன்டீரியர் கிரீனுக்கு வெளிர் மஞ்சள், சாம்பல் பச்சைக்கு வெளிர் சாம்பல், 66க்கு நடுத்தர சாம்பல் கலந்து பாருங்க, நிறம் சாகாது. அதே காரணத்துக்காக சுத்தக் கறுப்பு எங்கயும் வேண்டாம், பேனலுக்கு எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக், இல்ல எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக், டயல் முகத்துக்கு மட்டும் கறுப்பு.

அடிக்கும் முன்னாடி ஸ்பூன் டெஸ்ட்

பிளாஸ்டிக் ஸ்பூன் நாலு எடுத்துக்குங்க. மாடலுக்கு எந்த பிரைமரோ அதே பிரைமர் அடிங்க, கறுப்பு பிரைமர் மேலயும் வெள்ளை பிரைமர் மேலயும் ஒரே பெயிண்ட் வேற வேற மாதிரி வரும். கலவையை அடிச்சு முழுசா காய விடுங்க, ஈரத்துல ஒரு நிறம் காஞ்சா இன்னொண்ணு. பாதி ஸ்பூன்ல மேட் வார்னிஷும் அடிச்சுடுங்க, மேட் போட்டா நிறம் ஒரு படி வெளுக்கும், கிளாஸ் போட்டா இருட்டாகும். அப்புறம் பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் பாருங்க, மாடல் எங்க வெக்கப் போறீங்களோ அந்த லைட்டுலயும் பாருங்க. மஞ்சள் பல்புக்கு கீழ கலந்த சாம்பல் பச்சை காலைல எழுந்து பாத்தா நீலமா சிரிக்கும். மேசை விளக்கு வாங்குறதா இருந்தா 5000லேர்ந்து 6500 கெல்வினுக்குள்ள, சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியா காட்டுதுங்கிற அளவு) 90க்கு மேல இருக்குறதா பாருங்க. செல்போன் போட்டோவை வெச்சு கலர் சரியான்னு முடிவு பண்ணாதீங்க, போன் தன் இஷ்டத்துக்கு வெள்ளையை மாத்திடும்.

ஸ்பூன் பின்னாடி கலவை விகிதத்தை எழுதி வெச்சுடுங்க. எழுதாம விட்டு, அடுத்த வாரம் அதே கலரை மறுபடி கலக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு எனக்கு.

அடிக்கிற வரிசை

கறுப்புல, இல்லன்னா இருட்டு பழுப்புல மொத்த உள்பக்கத்தையும் அடிச்சுடுங்க. அப்புறம் உங்க அடிப்படைக் கலரை மேலேர்ந்து மட்டும் ஏர்பிரஷ்ல அடிங்க, ஏர்பிரஷ் இல்லன்னா தண்ணியா கரைச்ச பெயிண்ட்டை பிரஷ்ல ரெண்டு மூணு கோட். ஃப்ரேமுக்கு அடிலயும் சீட்டுக்கு பின்னாடியும் இருட்டு தானா மிஞ்சும், அதுதான் நிழல். அடுத்து அதே கலரை இன்னும் கொஞ்சம் வெளுக்க வெச்சு பேனல்களோட நடுவுல லேசா.

காஞ்சதும் கிளாஸ் வார்னிஷ். இதை விட்டுட்டு வாஷ் போட்டா வாஷ் மேட் பரப்புல ஊறி திட்டுத் திட்டா நிக்கும். அடில அக்ரிலிக்கோ லாக்கரோ, மேல எனாமல் வாஷோ ஆயில் வாஷோ, இந்த வரிசை மாறாம இருந்தா கீழ இருக்குறதை மேல இருக்குறது கரைக்காது. பச்சை காக்பிட்டுக்கு இருட்டு பழுப்பு வாஷ், 66க்கு கறுப்பு வாஷ். முழுக்க பூசாம மூலைல, ரிவெட்டைச் சுத்தி மட்டும் தொட்டு வெக்கணும். அப்புறம் மேட் வார்னிஷ், அதுக்கு மேல ட்ரை பிரஷ், அதாவது பெயிண்ட்டை துடைச்சுட்ட பிரஷ்ஷால மேடு மேல மட்டும் தேய்க்கிறது. ட்ரை பிரஷ்ஷுக்கு வெள்ளி எடுக்காதீங்க, அடிப்படைக் கலரோட வெளிர் ஷேடுதான். மேடா இருக்குறது எல்லாம் வெள்ளியா மின்னுனா காக்பிட் இல்ல, பாத்திரக் கடை.

லாக்கர் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டுக்குங்க, துணி மாஸ்க் இல்ல, ஆவி வடிகட்டுற கார்ட்ரிட்ஜ் மாஸ்க். இன்னொண்ணும் சொல்லிடறேன், கலர் பாக்கணும்னு நிஜ பழைய டயல் வாங்குறவங்க இருக்காங்க, அதுல ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்கவே திறக்காதீங்க.

சிப்பிங்: அடில என்ன இருக்குன்னு கேளுங்க

பெயிண்ட் உரிஞ்சா அடில இருக்குறதுதான் தெரியும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஆனா ஸ்பாஞ்சும் வெள்ளி பெயிண்ட்டும் கைல வந்ததும் நாம மறந்துடறோம். மஸ்கிட்டோங்கிற பிரிட்டிஷ் விமானத்தோட உடம்பு பிளைவுட்டும் பால்ஸா மரமும், நான் அதோட காக்பிட் சுவர்ல வெள்ளி சிப்பிங் போட்டு பெருமையா காட்டினேன், ஒருத்தர் பாத்துட்டு மரத்துக்குள்ள அலுமினியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டார். பதில் இல்ல. ஸ்பிட்ஃபயரோட அந்த செம்பழுப்பு சீட்டுலயும் வெள்ளி வராது, தேய்ஞ்சா அதே பழுப்பு வெளிராகும். மஸ்டாங் தரை மரம்னு சொன்னேனே, அங்க கறுப்பு தேய்ஞ்சா மரம்தான் தெரியணும், குதிகால் படுற ரெண்டு இடத்துல மட்டும். மத்த அமெரிக்க விமானத்துல பச்சைக்கு அடில மஞ்சள் பிரைமர் இருந்தா, முதல்ல மஞ்சள், அதுக்குள்ள பொட்டு மாதிரி அலுமினியம்.

எவ்வளவு போடலாம்? நீங்க நெனைக்கிறதுல பாதி. போர் விமானங்கள்ல பலதும் சில மாசத்துக்கு மேல தாங்கல, முப்பது வருஷம் ஓடின லாரி மாதிரி தேய அதுக்கு நேரமே இல்ல. பைலட் ஏறி இறங்குற விளிம்பு, கால் வெக்கிற இடம், த்ராட்டில் (வேகம் கூட்டுற லீவர்) பக்கம், சீட்டோட முன் விளிம்பு, இவ்வளவுதான்.

டயல், பெல்ட், சின்னச் சின்ன லீவர்

டயல் எழுத்து சுத்த வெள்ளை வேண்டாம். ஒளிரும் பெயிண்ட் போட்ட முள்ளும் எண்ணும் லேசா பச்சை மஞ்சள் தட்டின பால் நிறம், வயசானா பழுப்பு பக்கம் போகும். 1/72ல டீகல் (தண்ணில நனைச்சு ஒட்டுற மெல்லிய படம்) தான் சரி, டீகல் சாஃப்ட்னர் விட்டு மேடு பள்ளத்துல உக்கார வெக்கணும். 1/48க்கு மேல டயலை ஒவ்வொண்ணா வட்டமா வெட்டி ஒட்டலாம், கண்ணுக்கு கேடு ஆனா மாடலுக்கு நல்லது. கடைசில ஒவ்வொரு டயல்லயும் ஒரு சொட்டு கிளாஸ் வார்னிஷ், கண்ணாடி வந்துடும். பேனல் மேட்டா இருக்கணும் டயல் மட்டும் மின்னணும், அந்த வித்தியாசம்தான் கண்ணை ஏமாத்துது.

பெல்ட்டுக்கு பஃப்ல வெள்ளையோ காக்கியோ கலந்து, வாஷ் மட்டும் பழுப்புல. ஒரே காக்பிட்ல இடுப்பு பெல்ட்டும் தோள் பெல்ட்டும் துளி ஷேடு மாறினாலும் நல்லதுதான், துணி அப்படித்தான் வெளுக்கும்.

சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாத்தையும் சேத்து மூணு நாலு இடத்துக்கு மேல போகாதீங்க. 109ல கேனப்பியைக் கழட்டி எறியுற லீவர் சிவப்பு, பி-17 மாதிரி விமானத்துல லோ பிரஷர் ஆக்சிஜன் சிலிண்டர் மஞ்சள், இப்படி காரணம் தெரிஞ்சது மட்டும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கலர்னு போனா திருவிழா பலூன் கடை ஆயிடும்.

ஒட்டும் முன்னாடி

உடம்போட ரெண்டு பாதியையும் டேப்ல சேத்து, காக்பிட்டை உள்ள வெச்சு, கேனப்பியை மேல சும்மா வெச்சு, கை நீட்டுற தூரத்துல புடிச்சுப் பாருங்க. மேசைல தனியா பாத்தப்ப கத்துன கலர் இப்ப அமைதியா இருக்கும், அமைதியா இருந்தது காணாமலே போயிருக்கும். சீட்டு தெரியுதா, பேனல் தனியா தெரியுதா, பெல்ட் கண்ணுல படுதா, மூணும் தெரிஞ்சா ஒட்டலாம். தெரியலன்னா இன்னும் ஒரு வெளிர் ட்ரை பிரஷ், இப்ப முடியும், பசை காஞ்சப்புறம் முடியாது.

கலந்த பெயிண்ட் மிச்சத்தைக் கொட்டிடாதீங்க, மூடி போட்ட சின்ன பாட்டில்ல எடுத்து வைங்க. கேனப்பி சட்டத்துக்கு அது வேணும். சட்டம் மேல முதல் கோட் உள்பக்கக் கலர், அது காஞ்சதும் மேல கேமஃபிளாஜ் கலர். அப்பதான் கண்ணாடி வழியா உள்ளேர்ந்து பாக்குறப்ப சட்டம் காக்பிட்டோட நிறத்துல தெரியும்.